ஷாஷே மணலில் ஒருநாள் மேசை

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒரு தாளைத் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடியும் நாக்கில் தொட்டு, கெபோனே பாஸ்போர்ட் நகல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து இது நாற்பதாவது ஆள். பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு நாட்டு முத்திரையின் மை லேசாகப் படிந்திருக்கிறது. மற்றவர் கண்ணுக்கு அது அழுக்கு. அவள் கணக்கில் அந்தப் பக்கம் செத்துவிட்டது. உடனே தொலைபேசியை எடுத்து, அந்தப் பாஸ்போர்ட்டின் சொந்தக்காரரான கேப் டவுன் பல் வைத்தியரைக் கூப்பிட்டு எங்கள் மொழியில் வணக்கம் சொல்கிறாள்.

"டுமெலா, ர்ரா. எப்பிடி எந்திரிச்சீங்க?"

அவர் நன்றாக எழுந்ததாகச் சொல்கிறார். அவளும் நன்றாக எழுந்ததைச் சொல்கிறாள். வீட்டில் எல்லாரும் எப்படி எழுந்தார்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறாள். அதன் பிறகுதான் ஆரம்பம்.

"எதிரெதிரா ரெண்டு வெள்ளைப் பக்கம் வேணும்னு மூணு தடவை எழுதினேன். மூணு தடவை! ஊர்ப் பல்லெல்லாம் பார்த்துப் பார்த்து எழுத்தே மறந்துபோச்சா உங்களுக்கு?"

போட்ஸ்வானாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர் பொபொனோங்கில் நாயை விரட்டுவதற்கு முன்னால்கூட நலம் விசாரிப்போம் என்று தலைநகரத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கெபோனேயின் கோபத்துக்கு அந்த விசாரிப்புதான் வாசற்படி. எவ்வளவு கொதித்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவாள். அவள் நிதானமாக "எப்பிடி எந்திரிச்சீங்க" என்று கேட்கும்போதே அனுபவப்பட்டவர்கள் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வார்கள்.

ஐம்பத்து நான்கு வயது. குளிர்காலத்தில் கம்பளியை இடுப்பில் சுற்றி ஊக்கு குத்திக்கொள்வாள். தேநீருக்கு ஐந்து கரண்டி சர்க்கரை. மேசையின் முதல் இழுப்பறையில் மைப் பெட்டி, ஊக்குகள், இரண்டாவது இழுப்பறையில் உப்புப் போட்டுக் காயவைத்த பானே புழு. வேலைக்கு நடுவே நாம் கடலை கொறிப்பதுபோல அதைக் கொறிப்பாள். வருகிறவர்களுக்கும் கிண்ணத்தை நீட்டுவாள். முகம் சுளிக்கிறவர்களிடம் அன்று முழுக்க ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். இரும்புக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறைதான் 'மூன்று கரை சைக்கிள் பயண'த்தின் அலுவலகம். பதினொரு வருடங்களாக அதில் இருக்கும் ஒரே ஆள் அவள்.

ஜூலைக் கடைசியில் நான்கு நாள், முந்நூறு பேர், மூன்று நாடு. போட்ஸ்வானாவின் துலிக் காட்டில் ஏறி மிதித்து, மூன்றாம் நாள் ஷாஷே ஆற்றைக் கடந்து ஜிம்பாப்வே, நான்காம் நாள் லிம்போப்போவைக் கடந்து தென்னாப்பிரிக்கா. சேரும் பணம் காட்டு விலங்குகளைக் காப்பதற்கும், கரையோரக் கிராமத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதற்கும். நல்ல காரியம்தான், அதைக் கெபோனேயும் மறுப்பதில்லை. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வரும், குட்டி விமானங்கள் எந்த மண்பாதையில் இறங்கும், தண்ணீர் லாரி எங்கே நிற்கும் எல்லாம் சுவரில் ஒட்டிய ஒரு பெரிய தாளில் அவள் கையெழுத்தில் இருக்கிறது. யானைகள் பத்து மணிக்கு நீர்மடுவுக்கு வரும் என்பதால் ஒன்பதரைக்குள் கடைசி சைக்கிள் அந்த இடத்தைத் தாண்டியாக வேண்டும். கோமாரி நோய்க்காகக் கால்நடைத் துறைக்காரர்கள் வேலியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மருந்து அடிப்பார்கள், ஒன்றுக்கு இருபது விநாடி. அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

பெயர் விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களின் சொந்தப் பெயர் போய்விடும். நேயோவின் அம்மா மா-நேயோ, காபோவின் அப்பா ரா-காபோ. கல்லறையில் பொறிக்கும்போதுதான் பலருக்கு அவர்களுடைய உண்மையான பெயர் தெரியவரும். லாரியில் சுற்றுவழியாக முன்கூட்டியே அக்கரை போகும் சமையல்காரப் பெண்கள் விண்ணப்பத்தில் அப்படியே மா-இன்னார் என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

"இங்க மாவும் கிடையாது, ராவும் கிடையாது," என்று தாளைத் திருப்பி வீசுவாள் கெபோனே. "பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான் உன் பேரு. முத்திரை குத்துறவன் உன் மவனையா பார்க்கப் போறான்?"

"ஐயோ ம்மா, என் மாமியார் காதுல விழுந்தா..."

"உன் மாமியாரும் சமையல் பட்டியல்ல இருக்கா. அவ பேரு கெயாபெட்ஸ்வே. போய்ச் சொல்லு, நான்தான் சொன்னேன்னு."

அவளையே யாராவது அவள் பிள்ளையின் பெயரைச் சேர்த்து மா-நாமெ என்று கூப்பிட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தால் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். கெபோனே என்று கூப்பிட்டால்தான் பதில் வரும்.

எல்லாவற்றையும்விட அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது மூன்றாம் நாளைத்தான். அன்றைக்கு ஷாஷே மணலில் இந்தக் கரையில் ஒரு மடக்கு மேசை, அந்தக் கரையில் ஒரு மடக்கு மேசை போடுவார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் முத்திரையோடு வந்து உட்காருவார்கள். நடுவில் அரை கிலோமீட்டர் வெறும் மணல். அன்று ஒருநாள் மட்டும் அது எல்லைச் சாவடி. கெபோனே தட்டச்சு செய்த பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் கடக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேசைகளை மடக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் அடுத்த ஜூலைவரை அங்கே கால் வைப்பது குற்றம். அந்தக் கரையில் இருப்பவர்களும் எங்கள் இனமான பாபிர்வாக்கள்தான், இந்தக் கரையில் இருப்பவர்களும் பாபிர்வாக்கள்தான். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த மணலில் நடந்துதான். இப்போது ரோந்துப் படை பிடித்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடும். முறைப்படி போவதென்றால் பிரான்சிஸ்டவுன், புலவாயோ, குவாண்டா என்று சுற்றி அறுநூறு கிலோமீட்டர். எதிர்க்கரையில் சமைக்கும் புகை இந்தக் கரையோர வீட்டு முற்றங்களிலிருந்து தெரியும்.

இந்த வருடம் பயணத்துக்கு வந்திறங்கிய சட்டைகளின் முதுகில் 'விலங்குகளுக்கு எல்லை இல்லை' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கெபோனே முந்நூறு சட்டைகளையும் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துத் தரையில் போட்டு, தேநீர் சிந்திய இடத்தைக் காலால் துடைத்தாள்.

அந்தக் கோபத்துக்குப் பெயர் மொசீடி. கெபோனேயின் அக்கா. இருபது வயதில் இதே மணலில் நடந்துபோய் எதிர்க்கரை மலெங்கனேயில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை இறந்துபோனாள். சனிக்கிழமை விடிய அடக்கம். வெள்ளிக்கிழமை கெபோனே ஆற்றங்கரைக்கு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். ஆறு காய்ந்து கிடந்தது. இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆனால் வருடா வருடம் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் வாசிக்கிறவள், திருட்டுத்தனமாகப் போய்ப் பிடிபட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். யோசித்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். மூன்று வண்டி மாறி அவள் மலெங்கனே போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை காலை பத்து மணி. மண் மூடி, கல் அடுக்கி, எல்லாரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு அந்நியர்களை நிமிடம் பிசகாமல் அக்கரை சேர்ப்பவள், கூடப் பிறந்தவளின் முகத்தை நான்கு மணி நேரத்தில் தவறவிட்டாள். அதற்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. யாரையும்தான் மன்னிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். மொசீடியின் வீடு பூட்டிக் கிடந்தது. செத்தவளின் துணிமணிகளைத் தொட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் பிள்ளைகளின் தாய்மாமன். அவர் வந்து கதவைத் திறக்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. தாய்மாமன் இக்கரையில். கெபோனேயின் அண்ணன் ரா-காபோ, வயது அறுபத்தெட்டு, இடுப்பு எலும்பு தேய்ந்தவர். அரைமணி நேரம் பேருந்தில் உட்கார்ந்தால் எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டும். அறுநூறு கிலோமீட்டர் என்பது அவருக்கு நிலாவுக்குப் போவதுபோல. மொசீடியின் மூன்று பெண்களும் பக்கத்து வீட்டுச் சமையலறையில் படுத்திருந்தார்கள். ஜூன் இங்கே நடுக்குளிர்காலம். அந்தக் குளிரில் அவர்களுடைய போர்வைகள்கூடப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே இருந்தன.

"மாமா வராம நாங்க தொடமாட்டோம் சின்னம்மா," என்று மூத்தவள் தொலைபேசியில் சொன்னாள். "ஆனா ராத்திரி ரொம்பக் குளுருது."

ஜூன் கடைசியில் ஆல்டன் அலுவலகத்துக்கு வந்தான். பயணக் குழுவின் தலைவன். துலிக் காட்டோரப் பண்ணை ஒன்றில் பிறந்த வெள்ளைக்காரன், எங்கள் மொழியை எங்களைவிட வேகமாகப் பேசுவான், பானே புழுவைக் கைநிறைய அள்ளித் தின்பான். அதனாலேயே கெபோனேக்கு அவனைப் பிடிக்கும். அன்று அவன் எப்படி எழுந்தான், மனைவி எப்படி எழுந்தாள், மாடுகள் எப்படி இருக்கின்றன என்று எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஆல்டன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். "ம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"கஷ்டம்னு நான் சொல்லல. வீடு பூட்டியிருக்குன்னு சொன்னேன். எங்க அண்ணன் போய்த் திறந்துட்டு, சாயங்காலம் நாலு மணிக்குள்ள திரும்பிருவாரு. பட்டியல்ல ஒரு பேரு. அவ்வளவுதான்."

"ரெண்டு நாட்டுக்காரங்களும் நம்மள நம்பித்தான் மேசை போடுறாங்க. சொந்தக்காரங்கள ஏத்தி விட்டோம்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் மேசையே இருக்காது. இன்னிக்கு ஒருத்தரு, நாளைக்கு ஊரே வந்து நிக்கும். அப்புறம் இது அரசியலாயிடும்."

"எங்க அக்கா துணிமணி அரசியலா?"

"நான் அப்பிடிச் சொல்லல ம்மா."

"அப்பிடித்தான் சொன்னே. ஊரே வந்து நிக்கட்டுமே, ஆல்டன்! யாரு ஆறு இது? கேப் டவுன் பல் டாக்டர் ஆறா? அவனுக்கு மேசை, நாற்காலி, குடை, ஆரஞ்சுச் சாறு. அந்த ஆத்துல குளிச்சு வளந்தவனுக்கு லாரி. யானை கடக்கலாம், சிறுத்தை கடக்கலாம், கழுதைப்புலி குட்டி குடும்பத்தோட கடக்கலாம். அதுக்கெல்லாம் நீ காசு சேர்க்குறே. எங்க அண்ணனுக்கு நாலு காலும் வாலும் இல்லாதது அவரு செஞ்ச தப்பா?"

ஆல்டனின் காதுகள் சிவந்துவிட்டன. பாவம், அவன் சட்டம் போட்டவன் இல்லை. அது கெபோனேக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கு வாங்கென்று வாங்கினாள், ஏனென்றால் சட்டம் போட்டவன் அந்த அறைக்குள் ஒருநாளும் வரப்போவதில்லை.

"சைக்கிள் பயணத்துல வர்றவங்க மட்டும்தான் கடக்கலாம்," என்றான் அவன் கடைசியாக. "பட்டியல்ல பேரு இருக்கணும், கையில சைக்கிள் இருக்கணும். இது நான் வெச்ச விதி இல்ல ம்மா."

கெபோனே ஒரு பானே புழுவை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "ஓட்டணும்னு இருக்கா, கையில இருக்கணும்னு இருக்கா?"

"கையில இருக்கணும்னுதான் இருக்கு. மணல்ல யாரு ஓட்ட முடியும்? எல்லாரும் தள்ளிக்கிட்டுத்தானே போறோம்."

"சரி," என்றாள் கெபோனே. அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கரையோரக் கிராமங்களுக்கு என்று ஒவ்வொரு வருடமும் இரண்டு இடம் ஒதுக்குவார்கள். வழக்கமாகப் பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர் வருவார்கள். இந்த வருடம் அதில் ஒருவர் சைக்கிள் ஓட்டிப் பழகும்போது ஆட்டின்மேல் மோதித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். கிராமத்து இடத்துக்கு ஆளை மாற்றும் உரிமை கெபோனேயிடம்தான் இருந்தது. இருநூற்றுப் பதினான்காம் எண்ணில் அண்ணனின் பெயரைத் தட்டினாள். ஆல்டனுக்கு அனுப்பிய பிரதியில் அந்த வரிக்கு மஞ்சள் வண்ணம் பூசியே அனுப்பினாள். அவன் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் "பார்த்தேன் ம்மா" என்று மட்டும் எழுதினான்.

பயணத்தின் மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ரா-காபோ ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். அடக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. மளிகைக்கடைக்காரரின் இரும்புச் சைக்கிள், பின்னால் மூட்டை கட்டும் கம்பி. தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். தொப்பியைக் கழற்றமாட்டேன் என்றார் அவர். தாய்மாமன் வெறுந்தலையோடு போகிற வழக்கம் இல்லை. கடைசியில் தொப்பிக்குமேல் கவசத்தை வைத்துத் தாடையில் இறுக்கிக் கட்டினாள் கெபோனே.

"சட்டி மேல சட்டியக் கவுத்த மாதிரி இருக்கேன்," என்றார் அவர்.

"வாய மூடிக்கிட்டு நில்லுங்கண்ணே. வார் சிக்கிக்கும்."

"மொசீடி பார்த்திருந்தா உருண்டு பொரண்டு சிரிச்சிருப்பா."

கெபோனே வாரை இன்னொரு துளை இறுக்கினாள்.

வரிசை நகர்ந்தது. முன்னாலும் பின்னாலும் வழவழப்பான உடுப்புப் போட்டவர்கள், மாட்டு விலையைப்போல் பத்து மடங்கு விலையுள்ள சைக்கிள்கள். நடுவில் ரா-காபோ இரும்புச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்புக்கு அது கைத்தடியைவிட வசதியாக இருந்தது. கெபோனே எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இருந்த பெட்டியோடு மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேசையில் இந்த முறை புது அதிகாரி, தலைநகரத்திலிருந்து வந்த இளம்பெண். பழைய அதிகாரி போன டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். பெண் சுறுசுறுப்பானவள், பாஸ்போர்ட்டைப் பார்ப்பதும் பட்டியலில் கோடு போடுவதும் முத்திரை குத்துவதும் தாளம் தப்பாமல் நடந்தது. இருநூற்றுப் பதிமூன்று போனது.

"டுமெலா, ம்மா," என்றார் ரா-காபோ. பெண் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு. உட்கார்ந்து பட்டியலில் விரலை ஓட்டினாள். மேலே போனாள். கீழே வந்தாள்.

"கபாகே மொஸ்வெயு. அப்பிடி யாரும் இல்லையே."

கெபோனே குனிந்தாள். இருநூற்றுப் பதினான்காம் வரியில், அவளே தட்டிய எழுத்தில், ரா-காபோ என்று இருந்தது.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை உலுக்கி எடுத்தவள். சமையல்காரப் பெண்களின் தாளைத் திருப்பி வீசியவள். அண்ணனின் பெயரை அவள் பிறந்ததிலிருந்து ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவருக்குப் பிள்ளை பிறக்கும்வரை அண்ணன், பிறந்த பிறகு ஊராரைப்போல ரா-காபோ. கை தானாக அதைத் தட்டியிருக்கிறது. கண்ணும் தானாக அதைத் தாண்டிப் போயிருக்கிறது, ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இவருதான் அவரு," என்றாள்.

"ம்மா, பட்டியல்ல இருக்குற பேரு வேற, பாஸ்போர்ட்ல இருக்குற பேரு வேற. நான் எப்பிடி விட முடியும்? கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க. அடுத்தவங்க வரட்டும்."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். கெபோனே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள், இன்னும் கடுமையாக. பெண் அடுத்த பெயரில் கோடு போடப் பேனாவை வைத்தாள். கெபோனே தன் உள்ளங்கையைப் பட்டியலின் மேல் விரித்து அழுத்தி வைத்தாள்.

"எப்பிடி எந்திரிச்சீங்க, ம்மா?" என்றாள்.

பெண் திகைத்துப்போய், நன்றாக எழுந்ததாகச் சொன்னாள்.

"நான் நல்லா எந்திரிக்கல. மே மாசத்துலருந்து நல்லா எந்திரிக்கல. இவரு போய்த் திறக்க வேண்டிய வீடு ஒண்ணு அந்தப் புகை தெரியுது பாருங்க, அங்க இருக்கு. மூணு பொண்ணுங்க போர்வை இல்லாம படுத்திருக்காங்க. தப்பு என்னுது. நான் தட்டினது. பதினோரு வருஷத்துல ஒரு தப்பு. இவரு கடக்காம இந்தப் பட்டியல்ல இன்னொரு கோடு விழாது. கையை வெட்டித்தான் எடுக்கணும்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். வரிசையின் ஓரமாக ஆல்டன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகவேகமாக வந்தான். "ம்மா, ம்மா, மெதுவா," என்றான். கெபோனே அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரிப் பெண் கெபோனேயின் கையைப் பார்த்தாள். எதிர்க்கரைப் புகையைப் பார்த்தாள். தொப்பிமேல் கவசம் கட்டிய கிழவரைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

"ஏற்பாட்டாளர் திருத்தலாம். அடிச்சுட்டு எழுதி, பக்கத்துல கையெழுத்து போடுங்க. எழுதும்போது பேரச் சத்தமா சொல்லுங்க, நான் பாஸ்போர்ட்டோட ஒத்துப் பார்க்கணும்."

கெபோனே 'ரா-காபோ' என்ற எழுத்தைக் கோடு போட்டு அடித்தாள். அண்ணன் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டார். "கபாகே மொஸ்வெயு," என்று மணலைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெயர் அவள் குரலில் வந்தது அதுதான் முதல் தடவை. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது.

ரா-காபோ மணலில் இறங்கினார். ஒரு அடி, சைக்கிளைத் தள்ளி அதன்மேல் சாய்ந்து, இன்னொரு அடி. பக்கத்தில் போகிறவர்களும் அப்படித்தான் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். முப்பது அடி போனதும் நின்று திரும்பினார்.

"நீ வரலையா?" என்று கத்தினார். "உனக்குன்னு மொசீடி எடுத்து வெச்சதை யாருகிட்டக் குடுக்கச் சொல்றே?"

கெபோனே நிமிர்ந்தாள். பதினொரு வருடப் பட்டியல்களில் ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்ள, பிந்தி வருகிறவர்களைத் தேட, நான்கு மணிக்கு மேசையை மடக்க, இந்தக் கரையில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அண்ணன் போகவேண்டும் என்றுதான் ஒரு மாதமாகச் சண்டை போட்டாளே தவிர, தான் போகவேண்டும் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பட்டியலின் கடைசித் தாளைத் திருப்பினாள். முந்நூறுக்குக் கீழே முந்நூற்றொன்று என்று எழுதித் தன் பெயரை எழுதினாள். எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ம்மா," என்றான் ஆல்டன் பதறிப்போய். "பெட்டிய யாரு பார்த்துக்குறது? பின்னாடி எம்பத்தாறு பேரு நிக்குறாங்க."

"நீ பாரு."

அதிகாரிப் பெண் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். பெயரை ஒத்துப் பார்த்தாள். முத்திரையைத் தூக்கி, குத்தாமல் நிறுத்தினாள்.

"சைக்கிள் எங்க, ம்மா?"

கெபோனே அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே பக்கவாட்டில் கையை நீட்டினாள். ஆல்டனின் சைக்கிள் கைப்பிடியைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள். அவன் விரல்கள் பிரியும்வரை இழுத்தாள்.